கழித்தல் கணக்கும் கடைக் கணக்கும்

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பெரம்பலூரும் அரியலூரும் எந்த இடத்தில் நிற்கின்றன என்று பார்ப்பது தமிழ்நாட்டுக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. 2022இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் பெரம்பலூர் 97.95 விழுக்காட்டுடன் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. 2023இல் பத்தாம் வகுப்பிலும் அதே மாவட்டம்தான் முதல், 97.67 விழுக்காடு. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பில் அரியலூர் 97.31 விழுக்காட்டுடன் முன்னே வந்தது. 2025இல் பன்னிரண்டாம் வகுப்பில் 98.82 விழுக்காடு பெற்று மறுபடியும் அரியலூரே முதலிடம். பழைய திருச்சி மாவட்டத்தின் வானம் பார்த்த பகுதியாக இருந்து, 1995இல் பெரம்பலூர் என்று தனி மாவட்டமாகி, அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007இல் இறுதியாகப் பிரிந்த மண் இது. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும், செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்பும்தான் இதன் வாழ்வாதாரம். இப்படிப்பட்ட ஊர்களின் அரசுப் பள்ளிகள் இந்த உயரத்துக்கு வந்ததைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமையில்லை.

ஆனாலும் பதினைந்து, பதினேழு வயதுப் பிள்ளை தேறியதைச் சொல்லும் எண் இது. கணக்கின்மேல் ஒரு பிள்ளைக்கு நம்பிக்கை பிறப்பதும் உடைவதும் ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள். அந்த வயதைப் பற்றி மாநிலம் முழுமைக்குமாக நமக்குக் கிடைத்த கணக்கு வேறொரு கதையைச் சொல்கிறது. பிரதம் அமைப்பு ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்று எடுக்கும் 'ஏசர்' ஆய்வின்படி, கிராமப்புறத் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் கழித்தல் கணக்கைச் செய்ய முடிந்தவர்கள் 2018இல் 25.9 விழுக்காடு. கொரோனாவுக்குப் பின் 2022இல் அது 11.2 ஆக விழுந்தது. அதே ஆண்டு அகில இந்திய அளவு 25.9. பிறகு மீட்சி வந்தது. 2024 ஆய்வில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் இந்தத் திறனில் 15 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்திருந்தன. மகிழ்ச்சியான செய்திதான். என்றாலும் பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பில் கழித்தல் இன்னும் கைவரவில்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கும் உண்மை.

ஏசர் கேட்பது கடினமான கணக்கு எதுவும் இல்லை. இரண்டிலக்க எண்ணிலிருந்து இரண்டிலக்க எண், கடன் வாங்கிக் கழிக்க வேண்டும். 52இலிருந்து 27 என்று வைத்துக்கொள்வோம். தவறாகப் போடும் பிள்ளைகளில் மிகப் பலர் எழுதும் விடை 35. ஐந்தில் இரண்டு போனால் மூன்று சரி. ஒன்றுகள் பக்கத்தில் இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று எழுதிவிடுகிறார்கள். உலகெங்கும் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கும் பிழை இது. இதில் கவனிக்க வேண்டியது, பிள்ளை கவனக்குறைவாக இல்லை என்பது. 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்த விதியை அப்படியே நம்பிக் கடைப்பிடித்திருக்கிறது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும்போது, தான் யோசித்தது தவறு என்றல்ல, தனக்கு யோசிக்கவே வராது என்று அது முடிவு கட்டிக்கொள்கிறது.

இதே பிள்ளையைப் பெட்டிக்கடைக்கு அனுப்புங்கள். ஐம்பது ரூபாய்த் தாளும் ஒரு இரண்டு ரூபாய் நாணயமும் கையில். சாமான் இருபத்தேழு ரூபாய். கடைக்காரர் கழிப்பதில்லை, கூட்டிக்கொண்டு போகிறார்: "இருபத்தேழு, மூணு முப்பது, இருபது அம்பது, இந்தா ரெண்டு. எவ்வளவுடா ஆச்சு?" பிள்ளை பட்டென்று சொல்கிறது, இருபத்தஞ்சு.

இந்த இடைவெளியை முதலில் அளந்து காட்டியவர்கள் பிரேசிலில் நூனெஸ், கராஹெர், ஷ்லீமன் ஆகியோர். 1985இல் வெளியான அவர்களது ஆய்வில் ரெசிஃபி நகரத் தெருவோரம் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகள், கடைக் கணக்குகளில் 98.2 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே எண்களை வெறும் தாள் கணக்காகக் கொடுத்தபோது சரியானவை 36.8 விழுக்காடு. ஐந்து பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அதற்கு 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு விடை சொன்னது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்ட குழுவினர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்த 1,436 பிள்ளைகளையும், பக்கத்துப் பள்ளிகளில் படித்த 471 பிள்ளைகளையும் ஆராய்ந்தார்கள். சந்தைப் பிள்ளைகள் தாளும் பென்சிலும் இல்லாமல், விற்பனைக் கணக்குகளை இரண்டாம் முயற்சிக்குள் ஏறத்தாழ அனைவரும் சரியாகச் சொன்னார்கள். ஆனால் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 32 விழுக்காடுதான். மறுபக்கம் இன்னும் யோசிக்க வைப்பது. சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் சொன்ன ஒரு கடைக் கணக்குக்கு, பள்ளியில் மட்டுமே படித்த பிள்ளைகளில் விடை சொன்னவர்கள் 1 விழுக்காடு. அந்தப் பிள்ளைகள் தாளில் போட்ட கணக்கிலும் நேர்வழி குறைவு. பெருக்கலுக்குப் பதிலாக ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டியும், கோடுகள் போட்டு எண்ணியும் திணறியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் சந்தையில் வேலை செய்ய வேண்டும் என்று இதற்கு யாரும் பொருள் கொள்ளக் கூடாது. அந்த ஆய்வு சொல்வதும் அதுவல்ல. தலைக்குள் இரண்டு கணக்குகள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன, நடுவில் கதவு வைக்கப்படவில்லை என்பதே அதன் செய்தி. ஒரு கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை, மறுகணக்கில் தன்னை மக்கு என்று நம்பிக்கொண்டு வளர்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: தொடக்கப் பள்ளியில் எண்ணின்மேல் நம்பிக்கை ஊட்டுவது என்றால், பிள்ளையின் தலையில் ஏற்கெனவே ஓடும் கணக்கை ஆசிரியர் காதுகொடுத்துக் கேட்டு, கரும்பலகைக் கணக்கோடு அதைக் கோத்துக் கொடுப்பது. பாராட்டும் நட்சத்திர முத்திரையும் அதற்கு ஈடாகாது.

பெரம்பலூர், அரியலூர் பிள்ளைகளுக்கு வீட்டுக் கணக்குக்குப் பஞ்சமில்லை. வெங்காயத்தைக் காயவைத்துத் தாள் அரிந்து மூட்டை பிடிக்கும் நாட்களில் மூட்டைக்கு எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, ஆள்கூலி போக என்ன மிச்சம் என்ற பேச்சு வீட்டுத் திண்ணையிலேயே நடக்கிறது. பருத்தி எடுக்கப் போன அம்மா கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கணக்குப் பார்க்கிறார். அப்பாயி இன்னும் ஆழாக்கு, உழக்கு, படி என்றுதான் அளக்கிறார். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. நான்காம் வகுப்பில் அரை, கால், அரைக்கால் என்று பின்னம் தொடங்கும்போது இந்த அளவைப் பாத்திரங்களும் ஒரு வாளி மணலும் மேசைமேல் இருந்தால், கால் பெரியதா அரைக்கால் பெரியதா என்ற கேள்வியில் ஒரு பிள்ளையும் தடுமாறாது. எட்டு நான்கைவிடப் பெரியது, ஆகவே எட்டில் ஒன்றுதான் பெரியது என்ற வழக்கமான குழப்பம் கை அளந்த பிறகு நிற்காது.

ஆனால் இந்த வளம் கண்முன்னே கரைந்துவருகிறது. கடையில் இப்போது கைப்பேசியைக் காட்டினால் போதும். சில்லறை வாங்கி எண்ணிப் பார்க்கும் வேலை பிள்ளைக்கு இல்லை. 25 காசு 2011லேயே செல்லாமல் போனது, இப்போது நாணயமே கைமாறுவது குறைகிறது. லெப்பைக்குடிகாடு போன்ற ஊர்களில் அப்பா வெளிநாட்டில், பணம் வங்கிக் கணக்கில் வந்து கைப்பேசியில் செலவாகிறது. பள்ளி இதுவரை கடன் வாங்கிக்கொண்டிருந்த அனுபவத்தை இனி பள்ளியே உண்டாக்கித் தர வேண்டியிருக்கும். வகுப்பறையில் கடை போட்டு விளையாடுவது ஒருகாலத்தில் பொழுதுபோக்கு. இன்று அது பாடமே.

அச்சத்துக்கு வருவோம். 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டத்துக்காகச் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ரா. இராமானுஜம் தலைமையில் அமைந்த கணிதக் குழு, இந்தியக் கணிதக் கல்வியின் முதல் சிக்கலாகக் குறிப்பிட்டதே பெரும்பாலான பிள்ளைகளின் பயத்தையும் தோல்வி உணர்வையும்தான். இந்தப் பயம் ஒன்று, இரண்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது என்று 2013இல் ரமீரெஸ், பெய்லாக் முதலிய உளவியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்கள் கண்டதில் ஒன்று எதிர்பாராதது. பயம் அதிகம் கெடுப்பது நினைவாற்றல் மிக்க பிள்ளைகளைத்தான். மனத்துக்குள் பல படிகளை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு கணக்கிடுபவர்கள் அவர்கள். கவலை அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் அவர்களுடைய வழி முழுவதும் இடிந்துபோகிறது. விரல் விட்டு எண்ணும் பிள்ளைக்கு அத்தனை நட்டமில்லை. ஆகவே கரும்பலகை முன் நிற்கவைத்து "சீக்கிரம் சொல்லு" என்று விரட்டுவது, நன்றாக வரக்கூடியவர்களைத்தான் முதலில் விரட்டுகிறது.

பெய்லாக் குழுவின் 2010 ஆய்வு இன்னும் கூர்மையாகத் தைப்பது. கணக்கைக் கண்டு தாங்களே அஞ்சும் ஆசிரியைகளின் வகுப்பில், ஆண்டு முடிவில் பல சிறுமிகள் 'கணக்கு பையன்களுக்குத்தான் வரும்' என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. பையன்களிடம் இந்த விளைவு இல்லை. நம் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியைகள்தான் மிகுதி. அவர்களைக் குறைசொல்ல இதை எடுத்துக்கொண்டால் அது அநியாயம். அவர்களும் ஒரு காலத்தில் கரும்பலகை முன் நடுங்கி நின்ற சிறுமிகள். பயிற்சி முகாமில் அவர்களுக்குக் கையேடு தருகிறோம், பின்னூட்டப் படிவம் தருகிறோம். அவர்களே உட்கார்ந்து 52இலிருந்து 27ஐ எத்தனை விதமாகக் கழிக்கலாம் என்று பேசிச் சிரிக்க ஒரு பிற்பகல் தருவதில்லை. பெற்றோருக்கும் இது பொருந்தும். கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால் பிள்ளை குறைவாகக் கற்று அதிகமாகப் பயப்படுகிறது என்பது 2015இல் வந்த முடிவு. "எனக்கும் கணக்கு வராது, உனக்கும் அப்பனைப் போலத்தான்" என்று செல்லமாகச் சொல்லும் பேச்சை வீட்டில் நிறுத்தினாலே ஒரு பாரம் இறங்கும்.

எண்களின் பெயரில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சலுகை இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு முதல் இருபத்து மூன்று, ஐம்பத்தாறு வரை, பத்து முன்னே, ஒன்று பின்னே என்ற எழுதும் வரிசையிலேயே நாம் சொல்கிறோம். இந்தி பேசும் பிள்ளை நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொரு பெயரையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். இடறும் இடங்கள் நமக்கும் உண்டு. எண்பத்தொன்பதுக்குப் பிறகு தொண்ணூறு என்றதும் நூறு வந்துவிட்டதாகச் சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவதும் வகுப்புதோறும் நடப்பது. 100 என்று எழுதிய அட்டையின் கடைசிப் பூஜ்யத்தின் மேல் 5 அட்டையை வைத்துக் காட்டினால் அது ஒரே நாளில் தெளியும். 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தபின் சிக்கல் புதிய வடிவம் எடுத்திருக்கிறது. வீட்டில் பதிமூன்றும் முப்பதும் காதுக்குத் தெளிவாக வேறு வேறு. வகுப்பில் 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. ஆங்கில வழியை விரும்பும் பெற்றோரின் ஆசையை நான் மதிக்கிறேன். ஆயினும் முதல் இரண்டு ஆண்டுகளாவது எண்ணைத் தமிழில் எண்ணி, தமிழில் கூட்டி, பிறகு ஆங்கிலப் பெயரைச் சூட்டுவதே பிள்ளைக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

விளையாட்டுக்கு இதில் இருக்கும் இடத்தைப் பெரியவர்கள் இன்னும் நம்ப மறுக்கிறார்கள். 2008இல் உளவியல் ஆய்வாளர்கள் ரமானி, சீக்லர் இருவரும் ஏழைக் குடும்பத்து மழலையரை ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எண்ணிட்ட ஒரு கட்டத்தில் காய் நகர்த்தி விளையாடவைத்தார்கள். இரண்டு வாரத்தில் நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் கால் மணி நேரம். எது பெரிய எண், எந்த எண் எங்கே வரும் என்ற அறிவு அதிலேயே கண்ணில் படும்படி உயர்ந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் தீட்டிய கட்டத்தில் விளையாடியவர்களுக்கு அந்த உயர்வு இல்லை. 2014இல் லாஸ்கியும் சீக்லரும் நூறு கட்டத்துக்கு விரித்தபோது ஒரு நுணுக்கம் வெளிப்பட்டது. 26இல் நிற்கும் பிள்ளை ஐந்து விழுந்ததும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நகர்த்தினால் பயன் குறைவு. "இருபத்தேழு, இருபத்தெட்டு" என்று கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்த்தினால்தான் எண்வரிசை மனத்தில் பதிகிறது. நம் பரமபதம் அப்படியே இதற்குப் பொருந்தும், நகர்த்தும் முறையை மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும்.

தாயம் இன்னும் நுட்பமானது. இரண்டு கட்டைகளின் முகங்களைக் கூட்ட வேண்டும், இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்ற விதியை ஏற்க வேண்டும், எந்தக் காயை நகர்த்தினால் வெட்டலாம் என்று முன்கூட்டிக் கணக்கிட வேண்டும். செலவே இல்லாதது புளியங்கொட்டை. பத்துக் கொட்டைகளை ஒருபுறம் தரையில் உரசி வெள்ளையாக்கி உருட்டினால் ஏழு வெள்ளை, மூன்று கறுப்பு. அடுத்த முறை நான்கும் ஆறும். பத்தை உடைக்கும் வழிகள் எல்லாம் பிள்ளையின் கண்ணில் தங்கிவிடும். பத்தை உடைக்கத் தெரிந்த பிள்ளைதான் 27இலிருந்து 30க்கு மூன்று என்று தயங்காமல் தாவும். கழித்தலின் வேர் அங்கே இருக்கிறது, கடன் வாங்கும் சடங்கில் இல்லை.

மனப்பாடம் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. திண்ணைப் பள்ளி மரபைப் பற்றி, குறிப்பாக எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று போன்ற ஏடுகளைப் பற்றிப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில் பாபு விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பதித்த வாய்ப்பாடுகள் ஊரின் நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் அளக்கப் பயன்பட்டவை. நினைவு என்பது அங்கே கணக்கிடும் கருவி. பிரம்பும் சாதி வேலியும் இருந்த அந்தப் பள்ளியைத் திரும்பக் கொண்டுவர யாரும் விரும்பமாட்டோம். ஆனால் உலகத்தோடு ஒட்டிய வாய்ப்பாட்டை விட்டுவிட்டு வெறும் ஓசையை மட்டும் வைத்துக்கொண்டது நம் காலத்தின் இழப்பு. எட்டாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கும் பிள்ளையிடம் "ஏழெட்டு அம்பத்தாறு, சரி. ஆறெட்டு மறந்துபோச்சுன்னா அதிலேர்ந்து எப்படிக் கண்டுபிடிப்பே, கண்ணு?" என்று கேட்கும் ஆசிரியர் அந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்கிறார்.

தமிழக அரசு இந்தத் துறையில் சும்மா இருக்கவில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் முயற்சியால் வேரூன்றிய செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் மாநிலம் முழுதும் பரவியது. பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏணியில் ஏறலாம் என்ற எண்ணம் அருமையானது. அட்டையை முடிப்பதே குறியாகிப் பேச்சு குறைந்த வகுப்புகளில் அது உயிரிழந்தது. கொரோனாவுக்குப் பின் இல்லம் தேடிக் கல்வி வந்தது. சிங், ரொமேரோ, முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்ததில், பள்ளி மூடியிருந்த காலத்தில் மொழியில் ஏற்பட்ட இழப்பைப் போல இரு மடங்குக்கு மேல் கணக்கில் இழப்பு ஏற்பட்டிருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. மாலையில் தெருவிளக்கின் கீழோ, கோயில் மண்டபத்திலோ அந்த ஊரின் பெண்ணே தெரிந்த முகமாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில் பயம் குறைந்தது என்றே நான் நினைக்கிறேன்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் ஆரம்பித்து, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் நிலையறிந்து பாடம் நடத்துவது அதன் வலிமை. ஐந்து வகுப்புகளையும் ஈராசிரியர் பார்த்துக்கொள்ளும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு இது பெரிய உதவி. என் கவலை பெயர்ப்பலகை ஒட்டிக்கொள்வது பற்றி. நான்காம் வகுப்பிலும் அரும்பு வரிசையிலேயே உட்காரும் பிள்ளைக்குத் தன் இடம் எது என்பது நன்றாகத் தெரியும். பெயரின் மென்மை அதைத் தேற்றாது. கழித்தலில் அரும்பாக இருப்பவன் வடிவங்களில் மலராக இருக்கக்கூடும். குழுக்கள் தலைப்புக்குத் தலைப்பு கலைந்து சேர வேண்டும். கணினியில் மதிப்பீட்டைப் பதிவேற்றும் வேலை ஆசிரியரின் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் அமைப்புகள் தொடர்ந்து முறையிட்டுவருவதையும் இங்கே சேர்த்துக் கேட்க வேண்டும். பிள்ளை "எப்படி யோசிச்சேன்னா..." என்று தொடங்குவதைக் கேட்கச் சில நிமிடம் அமைதி வேண்டும். அந்த நிமிடங்களைப் படிவங்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

இந்த இரண்டு மாவட்டங்களும் பொதுத்தேர்வுக்கு எப்படித் தயாராகின்றன என்பது ஊரறிந்தது. மெல்லக் கற்போர் பட்டியல், மாலை நேரச் சிறப்பு வகுப்பு, தலைமை ஆசிரியர்களோடு ஆய்வுக் கூட்டம். அதே அக்கறையில் ஒரு பங்கை இரண்டாம் வகுப்புக்குத் திருப்பலாம். பள்ளியில் கணக்கை மிக விரும்பும் ஆசிரியரை ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குப் போடலாம். இப்போது பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. நாள்தோறும் பத்து நிமிடம் நோட்டும் பென்சிலும் இல்லாத வாய்க்கணக்கு, ஒரே கணக்குக்கு மூன்று பிள்ளைகளின் மூன்று வழிகள், அவை கரும்பலகையில் பெயரோடு. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குச் சுற்றுலா போகும்போது, கல்லாக மாறிப் பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளும் அந்தக் கல்மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், எத்தனை எட்டு வரும் என்று முதலில் ஊகித்து, பிறகு நடந்து அளந்து, தங்கள் ஊகம் எவ்வளவு தள்ளிப்போயிற்று என்று கழித்துப் பார்க்கச் சொல்லலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் அப்பாயிமார்களிடம் ஒரு படியையும் ஓர் ஆழாக்கையும் கொடுத்து ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கவைக்கலாம். இவற்றுக்குத் தனி நிதியோ புதிய அரசாணையோ தேவைப்படாது. வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே தொடங்கிவிடலாம்.